கொப்பியில் எழுதிய எட்டு வரி

முதற்பிள்ளையைச் சீசர் பண்ணி எடுத்த தாய் மறுபடி பிள்ளைத்தாய்ச்சியானால், திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியின் வி.ஓ.ஜி. (மகப்பேற்று விசேட வைத்தியர்) கிளினிக்கில் அவளுடைய கொப்பியில் சில வரிகள் எழுதப்படும். மருத்துவிச்சி பதிந்து கொடுத்த எச் 512 அட்டையோடு அந்தக் கொப்பியும் கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ புல்மோட்டைக்கோ பஸ் ஏறிப் போகும். எழுதியது ஆங்கிலம். அதிலும் பாதி சுருக்கெழுத்து. இந்தப் பிள்ளையை நோ எடுத்துப் பெறுவதா, நாள் குறித்து மறுபடி வயிற்றைத் திறப்பதா என்ற கேள்விக்கு வேண்டிய விஷயங்களில் பெரும்பாலானவை அந்த வரிகளுக்குள் இருக்கின்றன. யார் முடிவெடுக்க வேண்டுமோ அவளுக்குத்தான் அவற்றை வாசிக்கத் தெரிவதில்லை. ஆகவே ஓர் உரை.

கீழே வரும் மூலம் எந்தத் தாயின் கொப்பியிலிருந்தும் பெயர்த்ததல்ல. கிளினிக்கில் வழமையாக எழுதப்படும் பாங்கில் நான் கோத்தது. எழுத்தை மட்டும் தமிழாக்கியிருக்கிறேன். பழைய உரைகாரர்கள் மூலத்தில் குறை சொல்ல மாட்டார்கள். எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

மூலம்

ஜி 2, பி 1, சி 1.
பாஸ்ட் எல்.எஸ்.சி.எஸ்., எமேர்ஜென்சி, 2022.
காரணம்: பீட்டல் டிஸ்ட்ரெஸ், 4 சென்டிமீற்றர்.
சிங்கிள். தலை கீழ். பிளசென்டா மேலே.
விபாக் விருப்பமா? கேட்கவும்.
இல்லையேல் 39 கிழமையில் எலெக்டிவ்.
இண்டக்ஷன் வேண்டாம்.
நோ கண்டால் உடன் வரவும்.

உரை

“ஜி 2, பி 1, சி 1.”

ஜி என்பது இப்போதையதையும் சேர்த்து எத்தனை முறை கருவுற்றாள் என்ற கணக்கு. பி, பெற்ற தடவை. சி, உயிரோடிருக்கும் பிள்ளைகள். சி என்றால் சீசர் என்று எண்ணிக்கொள்வோர் உண்டு. ஒரு பிள்ளை, ஒரு சீசர் என்றிருக்கும்வரை அந்தப் பிழை வெளியே தெரியாது. முதல் வரிக்கு இவ்வளவு போதும். சி என்ற எழுத்திடம் மட்டும் பிறகு திரும்பி வரவேண்டியிருக்கிறது.

“பாஸ்ட் எல்.எஸ்.சி.எஸ்., எமேர்ஜென்சி, 2022.”

எல்.எஸ். என்ற இரண்டு எழுத்தின் மேல்தான் இந்த மூலத்தின் பாதிப் பாரம் கிடக்கிறது. கருப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள் என்று அதற்குப் பொருள். இன்று அந்த வெட்டு பெரும்பாலும் குறுக்காகவே போடப்படுகிறது.

எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1882இல் ஜேர்மன் வைத்தியர் மக்ஸ் சேங்கர் வெட்டிய கருப்பைச் சுவரைத் தைத்தே ஆகவேண்டும் என்று நிறுவும்வரை, அதைத் தைக்காமல் விடுவதே பெருவழக்கு. தாய் பிழைப்பது அருமை. தைக்கத் தொடங்கிய பிறகும் வெட்டு மேலிருந்து கீழாக, கருப்பையின் தடித்த மேற்பகுதியில்தான் விழுந்தது. நோவின்போது இறுகிச் சுருங்கிப் பிள்ளையைத் தள்ளுவது அந்தப் பகுதி. அங்கே தழும்பு இருந்தால் அடுத்த பிரசவத்தின் முழு விசையும் அதன் மேல் ஏறும். அந்த மேல்வெட்டுக் காலத்தில், 1916இல், நியூயோர்க்கின் எட்வின் கிரேகின் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு முறை சீசர் என்றால் அடுத்தடுத்தும் சீசர்தான் என்ற கருத்து உலகெங்கும் பரவியது அதிலிருந்து. அவர் அதைச் சொன்னது, முதல் சீசரை யோசிக்காமல் செய்துவிடாதீர்கள் என்று சக வைத்தியர்களை எச்சரிப்பதற்காக. விலக்குகள் பல உண்டு என்றும் அதே இடத்தில் எழுதினார். விலக்கு அங்கேயே நின்றுவிட்டது, விதி மட்டும் கடல் கடந்தது. மூதூரில் ஒரு மாமி மருமகளிடம் “ஒருக்கா வெட்டினா எப்பவும் வெட்டுத்தான் புள்ள” என்று சொல்லும்போது, நூறாண்டுக்கு முந்திய நியூயோர்க்கின் மருத்துவத்தைத் தன்னையறியாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

1920களில் கிளாஸ்கோவின் மன்றோ கெர் கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டைப் பரப்பினார். அங்கே சுவர் மெல்லியது, நோவில் அதிகம் சுருங்காது, தழும்பும் நன்றாகக் கூடும். வித்தியாசத்தை எண்ணில் பார்க்கலாம். பழைய மேல்வெட்டுத் தழும்பு நோவில் கிழியும் வாய்ப்பு நூற்றுக்கு 4 முதல் 9 வரை. கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டுத் தழும்பு கிழிவது ஏறக்குறைய 200 பேருக்கு ஒருவரில். முதலாவது எண்ணைப் பார்த்து எந்த வைத்தியரும் நோ எடுக்க விடமாட்டார். இரண்டாவது எண்தான் கேள்வி கேட்க இடம் தருகிறது.

வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. தோலில் குறுக்கே வெட்டி உள்ளே நெடுக்கே வெட்டியிருக்கலாம். பிள்ளை மிகவும் குறைமாதம் என்றாலோ, குறுக்கே கிடந்தது என்றாலோ, அப்படி வெட்ட நேர்வதுண்டு. முதற்பிள்ளை கண்டியிலோ மட்டக்களப்பிலோ, புருஷனோடு இருந்த காலத்தில் கட்டாரிலோ பிறந்திருந்தால், அந்த ஆஸ்பத்திரி தந்த டயக்னோசிஸ் கார்டைக் கொண்டுவராமல் இரண்டாவது வரியை எவரும் நிச்சயமாக எழுத முடியாது. அலுமாரியில் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு அந்தக் கார்டும் இருக்கவேண்டும்.

2022 என்ற ஆண்டும் வெறும் அலங்காரம் அல்ல. இரண்டு பிரசவங்களுக்கு இடையே 18 மாதங்கள்கூட இல்லாவிட்டால் தழும்பு கிழியும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிக்கிறது என்று அமெரிக்க ஆய்வொன்று 2001இல் கண்டது. இவளுக்கு அந்தக் கவலை இல்லை.

“காரணம்: பீட்டல் டிஸ்ட்ரெஸ், 4 சென்டிமீற்றர்.”

நோவின் நடுவே பிள்ளையின் இதயத் துடிப்பு தடுமாறியது, கருப்பை வாய் 4 சென்டிமீற்றர் மட்டும் திறந்திருந்தது, காத்திருக்க முடியாமல் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். “நாலுக்கு மேல போகல, எனக்கு நோர்மல் சரிவராது” என்று இந்த வரியைத் தாய்மார் தங்களுக்கு எதிராகவே வாசிப்பதைக் கேட்டிருக்கிறேன். வரி அப்படிச் சொல்லவில்லை. அவளுடைய இடுப்பு போதாது என்றோ, பிள்ளை இறங்க மறுத்தது என்றோ இதில் இல்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு நேர்ந்த ஒன்றைத்தான் சொல்கிறது. அது இந்தப் பிள்ளைக்கும் நேர வேண்டும் என்று கட்டாயமில்லை.

முதல் சீசரின் காரணம் எதுவோ, அதைப் பொறுத்து இரண்டாவது முயற்சி கைகூடும் அளவு மாறும். பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர்களின் ரோயல் கல்லூரி 2015இல் தந்த கணக்கின்படி, பிள்ளை தலைகீழாக இல்லாததால் முதலில் வெட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 84 பேர் அடுத்த முறை நோர்மலாகப் பெறுகிறார்கள். துடிப்புத் தடுமாறியதால் வெட்டப்பட்டவர்களில் 73. நோ முன்னேறாமல் நின்றுபோய் வெட்டப்பட்டவர்களில் 64. கடைசி எண்கூட பாதிக்கு மேல்தான்.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். இப்படிப்பட்ட வாய்ப்பைக் கணக்கிட அமெரிக்காவில் 2007இல் ஒரு சூத்திரம் செய்தார்கள். தாயின் வயது, எடை, பழைய பிரசவம் எல்லாம் கேட்டுவிட்டு, இனத்தையும் கேட்கும். கறுப்பினப் பெண் என்றோ ஹிஸ்பானியப் பெண் என்றோ குறித்தால், வாய்ப்பைக் குறைத்துக் காட்டும். 2021இல்தான் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு சூத்திரத்தைப் புதிதாக எழுதினார்கள். இலங்கைத் தாய் எவளும் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை; இருந்தும் எங்கள் ஊர்களில் சிலர் இணையத்தில் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு எண்ணோடு கிளினிக்குக்கு வருவதுண்டு. எண் ஒரு முகாந்திரம், அவ்வளவுதான்.

“சிங்கிள். தலை கீழ். பிளசென்டா மேலே.”

ஒற்றைப் பிள்ளை, தலை கீழ்நோக்கி இருக்கிறது. இரண்டும் நல்ல செய்தி.

பிளசென்டா, அதாவது நச்சுக்கொடி, மேலே இருக்கிறது என்பதுதான் ஸ்கான் அறிக்கையில் வைத்தியர் முதலில் தேடுவது. சீசர் செய்த கருப்பையில் நச்சுக்கொடி கீழே, பழைய தழும்பின் மேல் வந்து உட்கார்ந்தால், சில வேளை அது சுவரை ஊடுருவி வேர் பிடித்துவிடும். பிள்ளை பிறந்த பிறகும் கழன்று வராது. இரத்தம் நிற்காது. கருப்பையையே எடுக்கவேண்டி வரலாம். 2006இல் அமெரிக்காவில் 30,132 தாய்மாரின் சீசர்களை ஆராய்ந்தார்கள். நச்சுக்கொடி கீழே இருந்தவர்களில் அது இப்படி ஒட்டிப்போயிருந்தது, முதலாவது சீசரின்போது நூற்றுக்கு 3 பேரில், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61.

3, 11, 40, 61. ஏறிப்போகும் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இவளுக்குக் கொடி மேலே இருப்பதால் இந்தப் பிரசவத்தில் அதற்கு வேலையில்லை. அடுத்ததில் இருக்கலாம்.

“விபாக் விருப்பமா? கேட்கவும்.”

விபாக் என்பது சீசருக்குப் பிறகு நோர்மலாகப் பெறுவதற்கு வார்ட்டில் வழங்கும் பெயர். இந்த வரியில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. பாராட்டத்தக்க விஷயம். இலங்கையின் 2016 குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி பிறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று சீசர். அதிலிருந்து வரும் தாய்மார் ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டால் எவ்வளவோ நல்லது.

கேள்வி நடைமுறையில் எப்படி வருகிறது என்று பார்க்கவேண்டும். கிளினிக் நாளில் வாங்கு நிறைய ஆட்கள். வைத்தியர் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர், தாய் தமிழ். நடுவில் ஒரு மிஸ்ஸி நின்று மொழிபெயர்ப்பார். நாலைந்து நிமிடம் விளக்க வேண்டிய சங்கதி, “நோர்மலா, சீசரா தங்கச்சி?” என்று சுருங்கிவிடும். அவள் கூட வந்த உம்மாவையோ மாமியையோ திரும்பிப் பார்ப்பாள். “டொக்டர் சொல்றதுதான்” என்பாள். அதுவே பதிலாக எழுதப்படும். புருஷன் சவூதியில் இருப்பான், இரவில் வாட்ஸப்பில் அவனிடம் கேட்பாள், அவன் “டொக்டர் என்ன சொன்னார்?” என்று திருப்பிக் கேட்பான்.

கேள்விக்குள் உண்மையில் என்ன இருக்கிறது? நோர்மல், சீசர் என்ற இரண்டு வழி அல்ல, மூன்று. நோ எடுக்க முயன்றவர்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேர் நோர்மலாகப் பெறுகிறார்கள். மிச்சப் பேர் நோவின் நடுவே தியேட்டருக்குப் போகிறார்கள். மூன்று வழியில் அதிகச் சிக்கல் தருவது இந்தக் கடைசி வழி. களைத்த உடம்பு, அவசர வெட்டு, இரத்தப் போக்கும் கிருமித் தொற்றும் கூடுதல். நாள் குறித்துச் செய்யும் சீசர் அதைவிடப் பாதுகாப்பு. கைகூடும் நோர்மல் எல்லாவற்றையும்விட. ஆக விபாக்கைத் தெரிவு செய்பவள் நல்ல முடிவையும் மோசமான முடிவையும் சேர்த்தே தெரிவு செய்கிறாள். நாலில் மூன்று பங்கு நல்லது அவள் பக்கம்.

பிள்ளையின் கணக்கு வேறு. அமெரிக்காவில் 2004இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 17,898 தாய்மார் நோ எடுக்க முயன்றார்கள். 124 பேருக்குத் தழும்பு கிழிந்தது. மூச்சுக் காற்றுப் போதாமல் மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகள் 12. நாள் குறித்துச் சீசர் செய்த 15,801 பேரில் அப்படி ஒரு பிள்ளையும் இல்லை. தாய் இறப்பில் இரு பக்கத்துக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. பன்னிரண்டு என்பது பதினெட்டாயிரத்தில் சிறிய எண். அந்தப் பன்னிரண்டு வீடுகளில் அது சிறிய எண் அல்ல. எந்தத் தாயிடமும் இதை மறைத்து விருப்பம் கேட்கக் கூடாது. இதை மட்டும் சொல்லிப் பயமுறுத்தியும் கேட்கக் கூடாது. முதற்பிள்ளையை வயிற்றில் வைத்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் நோவின்போது பிள்ளையை இழக்கும் வாய்ப்பு எவ்வளவோ, விபாக் முயலும் தாய்க்கும் அதே அளவுதான் என்று ரோயல் கல்லூரியின் வழிகாட்டி சொல்கிறது. முதற்பிள்ளைக்காரி எவளையும் நாம் பயந்து தியேட்டருக்கு அனுப்புவதில்லை.

தராசின் மற்றத் தட்டில் ஆஸ்பத்திரிக் கடதாசியில் வராத பொருள்களும் இருக்கின்றன. மூத்தது மூன்று வயது, தூக்கு தூக்கு என்று அழும். குழாய்த் தண்ணீர் வராத நாளில் கிணற்றில் அள்ளவேண்டும். சீசர் செய்தவள் கிழமைக் கணக்கில் பாரம் தூக்கக் கூடாது. புருஷன் கடல் கடந்து இருக்கையில் அந்தக் கிழமைகளை யார் சுமப்பது? அதேவேளை, 2022இல் இரவு முழுக்க நோ எடுத்து அதன் மேல் வெட்டும் பட்டவளுக்கு, நாள் குறித்து அமைதியாகத் தியேட்டருக்குள் போவது பெரிய ஆறுதலாக இருக்கலாம். அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. “அவள் பெத்தாளா, வெட்டித்தானே எடுத்தவ” என்று மச்சாள்மார் பேசும் பேச்சுக்காக விபாக்குக்குச் சம்மதிப்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

“இல்லையேல் 39 கிழமையில் எலெக்டிவ்.”

ஏன் 39? டென்மார்க்கில் 2008இல் வெளிவந்த ஆய்வில், நோ வருமுன் நாள் குறித்துச் சீசர் செய்த பிள்ளைகளில் மூச்சுக் கோளாறு வந்தது 37 கிழமையில் நூற்றுக்கு 10, 38இல் 5, 39இல் 2. நோவே பிள்ளையின் நுரையீரலைத் தண்ணீர் வற்ற ஆயத்தம் செய்கிறது. நோ இல்லாமல் எடுப்பதானால் கடைசிக் கிழமைகளை வயிற்றுக்குள்ளேயே கழிக்க விடவேண்டும்.

இந்த எண்ணுக்கு எங்கள் ஊரில் இரண்டு எதிரிகள். ஒன்று பஞ்சாங்கம். நல்ல நட்சத்திரம் 38 கிழமைக்குள் விழுகிறது, அன்றைக்கே வெட்டச் சொல்லுங்கள் என்று வருவார்கள். மற்றது விமான டிக்கெட். தகப்பனுக்குப் பதினைந்து நாள் லீவு, அதற்குள் பிள்ளை முகம் பார்க்கவேண்டும். இரண்டாவது ஆசையில் எனக்கு இரக்கம் உண்டு. ஆனாலும் அவன் பார்க்க வரும் முகம் குழந்தை வார்ட்டில் ஒட்சிசன் குழாயோடு இருந்தால் லீவு முழுக்கக் கண்ணாடிக்கு வெளியே கழியும்.

“இண்டக்ஷன் வேண்டாம்.”

மூலத்தில் வேண்டாம் என்ற கட்டளையாக வருவது இந்த வரிதான், கண்டிப்பும் இதில்தான். மருந்து கொடுத்து நோவை வரவழைக்காதே என்கிறது.

வொஷிங்டன் மாநிலத்தில் 20,095 தாய்மாரை வைத்துச் செய்த ஆய்வு 2001இல் வந்தது. நோ எடுக்காமல் மறுபடி சீசர் செய்தவர்களில் தழும்பு கிழிந்தது ஆயிரத்துக்கு 1.6 பேருக்கு. தானாக நோ வந்தவர்களில் 5.2. புரொஸ்டகிளண்டின் என்ற வகை மருந்து அல்லாத வழியால் நோவை வரவழைத்தவர்களில் 7.7. புரொஸ்டகிளண்டின் வைத்தவர்களில் 24.5. அதில் மிசோபுரொஸ்டோல் என்ற மாத்திரை சீசர்த் தழும்புள்ள கருப்பைக்கு ஆகாது என்பதில் இன்று வைத்தியரிடையே வாதமே இல்லை.

தானாக வரும் நோவுக்குக் காத்திருக்கலாம், இழுத்து வரவழைக்கக் கூடாது என்பது வரியின் கருத்து. நாள் தாண்டினால் என்ன செய்வது? கருப்பை வாய்க்குள் பலூன் வைத்துத் திறக்கும் முறையை, தியேட்டர் பக்கத்தில் இருக்கும் இடத்தில், யோசித்துச் செய்யும் வைத்தியர்கள் உண்டு. நேராகச் சீசருக்குப் போவோரும் உண்டு. இதை நாள் தாண்டிய பிறகு கேட்கக் கூடாது, 36 கிழமையிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டளை வைத்தியருக்கு மட்டும் அல்ல, வீட்டுக்கும். ஆமணக்கெண்ணெய் குடித்தால் நோ வரும், கசாயம் குடித்தால் பிள்ளை இறங்கும் என்று கொடுக்கும் பெரியம்மா நல்ல மனத்தோடுதான் கொடுக்கிறார். கொப்பியில் இந்த வரி இருக்கும் வீட்டில் அந்தப் போத்தலைத் திறக்கவே கூடாது.

எழுதாமல் விட்ட வரி

எட்டாவது வரிக்குப் போகுமுன், மூலத்தில் இருக்க வேண்டும், ஆனால் இல்லாத வரி ஒன்று. இன்னும் எத்தனை பிள்ளை வேண்டும்?

சி 1 என்று எழுதியவர் இன்று உயிரோடிருக்கும் பிள்ளைகளை எண்ணினார். இனி வர இருக்கும் பிள்ளைகளைக் கேட்கவில்லை. முடிவைத் திருப்பிப் போடக்கூடியது அந்தப் பதில்தான். கிண்ணியாவிலும் மூதூரிலும் நாலைந்து பிள்ளை விரும்பும் குடும்பங்கள் அருமையல்ல. தோப்பூரிலும் சம்பூரிலும் மூன்றாவதுக்கு ஆசைப்படுபவர்கள் உண்டு. அப்படி ஒருத்திக்கு இந்தப் பிரசவத்தில் சீசர் என்றால் அடுத்ததும் அதற்கு அடுத்ததும் சீசர்தான். ஒவ்வொரு வெட்டிலும் உள்ளே ஒட்டுத் திசு கூடும், மூத்திரப்பை காயப்படும் வாய்ப்பு கூடும். நச்சுக்கொடி கீழே வந்துவிட்டால் மேலே சொன்ன வரிசையில் அவள் 11இலிருந்து 40க்கும் 61க்கும் ஏறுகிறாள். இந்த ஒரு தடவை நோர்மலாகப் பெற்றுவிட்டால், அடுத்த விபாக் கைகூடும் வாய்ப்பு நூற்றுக்கு 85 முதல் 90 வரை ஏறிவிடும். அவள் இன்று எடுக்கும் முடிவின் பலனை நாலாவது பிள்ளையில்தான் முழுதாகக் காண்பாள்.

மறுபக்கமும் நேராகச் சொல்ல வேண்டும். இதோடு போதும், இரண்டே பிள்ளை, எல்.ஆர்.டி. செய்துவிடலாம் என்று முடிவெடுத்தவளுக்கு, ஒரே தியேட்டரில் பிள்ளையையும் எடுத்துக் குழாயையும் கட்டிவிடும் எலெக்டிவ் மிக நியாயமான தெரிவு. அவளிடம் விபாக்கின் பெருமையைப் பிரசங்கம் பண்ணுவது வீண் வேலை.

பெரியாஸ்பத்திரியில் கேட்காவிட்டால் பரவாயில்லை என்று சொல்லலாமோ என்னவோ, ஏனென்றால் இந்த வரியை நிரப்பத் தெரிந்த ஒருவர் ஊரில் இருக்கிறார். குடும்ப நல மருத்துவிச்சி. வீட்டுக்கு வந்து போகிறவர், தன் பகுதியின் தம்பதியரைப் பெயர்வாரியாகப் பதிவேட்டில் வைத்திருப்பவர், அந்த வீட்டு மாமி என்ன நினைக்கிறார் என்பதும் தெரிந்தவர். வார்ட்டில் நாலு நிமிடத்தில் நடக்காத பேச்சு அவருடைய திண்ணைப் பேச்சில் நடக்கும். அதை அவர் எச் 512இல் ஒரு வரியாக எழுதிக்கொடுத்தால், கிளினிக்கில் கேள்வி வேறு மாதிரி விழும்.

“நோ கண்டால் உடன் வரவும்.”

நாள் குறித்த சீசருக்குக் காத்திருப்பவளுக்கும் இந்த வரி உண்டு. நோ நாள் பார்த்து வராது. விபாக் தெரிவு செய்தவளுக்கோ முழு ஏற்பாடும் இந்த ஒரு வரியை நம்பித்தான்.

தழும்பு கிழியத் தொடங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பிள்ளையின் துடிப்பு. துடிப்பைப் பதியும் சீ.டீ.ஜீ. மெஷினில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களில் அது மாறுகிறது. நோ இடைவிட்டு வராமல் ஒரேயடியாக நின்று வலிப்பது, தழும்பின் மேல் வலி, இரத்தம் போவது, மூத்திரத்தில் இரத்தம், வந்துகொண்டிருந்த நோ திடீரென நின்றுவிடுவது, தாய்க்குத் தலைசுற்றி நாடி விழுவது, எல்லாம் அறிகுறிதான், ஆனால் எல்லாம் சேர்ந்து வருவதில்லை. 1993இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், துடிப்பு விழத் தொடங்கி 17 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்ட பிள்ளைகள் பெரிய பாதிப்பில்லாமல் தப்பின. பதினேழு நிமிடம் என்பது வார்ட்டிலிருந்து தியேட்டர் வரைக்கான கணக்கு. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. ஆகவே விபாக் வார்ட்டில் நடக்க வேண்டிய காரியம், மெஷின் பக்கத்தில், இரத்தம் தயாராக, மயக்க மருந்து வைத்தியர் கூப்பிடு தூரத்தில்.

எழுதியவருக்கு “உடன்” என்ற சொல் ஒன்றுதான். மாவட்டத்துக்கு அது பல. உப்புவெளியில் இருப்பவளுக்குத் த்ரீவீலர் பிடித்தால் பத்துப் பதினைந்து நிமிடம். கிண்ணியாக்காரிக்கு 2009 ஒக்டோபரில் திறந்த பாலம் கைகொடுக்கும். அதற்கு முந்திய தலைமுறை படகுப்பாதையில் ஏறி, அந்தப் பக்கம் பஸ் பிடித்து வந்தது. மூதூர்க்காரர் கொட்டியாரக் குடாவைத் தாண்ட லாஞ்சுக்குக் காத்திருந்தார்கள். 2011இல் கரையோர வீதியில் பாலங்கள் வந்த பிறகுதான் இரவில் நோ கண்ட மூதூர்த் தாய்க்கு நேரான ஒரு தரைவழி வாய்த்தது. பாலம் உள்ள ஊரிலும் எல்லாத் துறையும் பாலமாகிவிடவில்லை: 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத இடத்தில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். புல்மோட்டைக்காரி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வரவேண்டும். ஈச்சிலம்பற்றுக்காரி மாவட்டத்தின் தெற்கு ஓரத்திலிருந்து புறப்படுகிறாள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. ஆனாலும் இவளுடைய முதல் பிரசவம் நடந்த 2022இன் நடுவில் பெற்றோல் வரிசை எத்தனை நாள் நீண்டது என்று ஊருக்குத் தெரியும்.

வழியில் கந்தளாய், கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. வி.ஓ.ஜி.யும் மயக்க மருந்து வைத்தியரும் ஒரே நேரத்தில் இருக்கும் மாதமும் உண்டு, இடமாற்றத்தில் கதிரை காலியாக இருக்கும் மாதமும் உண்டு. 2022க்குப் பிறகு வெளிநாடு போன விசேட வைத்தியர்களின் இடைவெளி நாடு முழுக்கத் தெரிந்தது. ஆகவே “கிட்டின ஆஸ்பத்திரிக்கு ஓடு” என்பது தழும்புள்ள தாய்க்கு எப்போதும் சரியான புத்திமதி ஆகாது. இந்த மாதம் எங்கே இரவில் தியேட்டர் திறக்கிறார்கள் என்பதை எட்டாம் மாதத்திலேயே மருத்துவிச்சியிடம் கேட்டுக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

புல்மோட்டைக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் இந்த வரியை நான் வேறு விதமாக எழுதுவேன்: நோ காணுமுன் வரவும். முன்னர் சீசரான தாயை நாளுக்கு முந்தியே வார்ட்டில் அனுமதித்து வைப்பது இலங்கை ஆஸ்பத்திரிகளில் புதிதல்ல. மூத்ததை யாரிடம் விடுவது, மீன் வாடியை யார் பார்ப்பது என்று ஆயிரம் தடை வரும். நகரத்தில் சித்தி வீடோ மாமா வீடோ இருந்தால் 38 கிழமையிலிருந்து அங்கே தங்குவது அடுத்த வழி. இரண்டுக்கும் இடமில்லாத வீட்டுக்காரிக்கு, விபாக்குக்கு மற்ற எல்லாப் பொருத்தமும் இருந்தாலும், எலெக்டிவ் நாள் வாங்கிக்கொள் என்றே சொல்வேன். முதல் ஏழு வரியும் அவளுக்குச் சாதகமாகத்தான் இருக்கின்றன. எட்டாவது வரியைத் தூரம் தடுத்துவிடுகிறது. அதே கொப்பி, அதே எண்கள், உப்புவெளிக்காரியின் கையில் இருந்தால் நோவுக்குக் காத்திரு என்பேன்.